32 பக்கக் கணக்கு

சார்லஸ் டிக்கன்ஸ் தம் முதல் நாவலுக்கு ஒப்புக்கொண்டபோது அவரிடம் கதை எதுவும் இல்லை. 1836 பிப்ரவரியில் சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகத்தார் அவரைத் தேடி வந்தார்கள். ராபர்ட் சீமோர் என்ற ஓவியர் வேட்டை, மீன்பிடிப்பு என்று வேடிக்கைப் படங்கள் வரைவார். அவற்றுக்கு ஏற்றபடி மாதாமாதம் எழுத்து வேண்டும். மாதம் 14 பவுண்டு கூலி. டிக்கன்ஸுக்கு வயது 24. பத்திரிகை நிருபர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், கல்யாணச் செலவும் காத்திருந்தது. வேட்டையைப் பற்றித் தமக்கு அதிகம் தெரியாது என்று சொல்லி, எழுத்து முன்னால் போகட்டும், படம் பின்னால் வரட்டும் என்று பேசி முடித்தார். ‘பிக்விக் பேப்பர்ஸ்’ இப்படித்தான் தொடங்கியது. இரண்டாம் பகுதி வெளிவருவதற்குள் சீமோர் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அதன் பிறகு ஒரு பகுதிக்கு இருந்த நான்கு படங்கள் இரண்டாகக் குறைந்தன, 24 பக்கம் 32 ஆகக் கூடியது.

இந்த 32 பக்கம் தற்செயலாக வந்த அளவு. தமிழ் அச்சகத்தார் கணக்கில் இரண்டு ஃபாரம். விலை ஒரு ஷில்லிங். மொத்தம் 20 பகுதிகள், கடைசி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருவதால் 19 மாதம். அடுத்த முப்பது ஆண்டுகளில் டிக்கன்ஸின் பெரிய நாவல்களில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்துக்குள்தான் எழுதப்பட்டன. அவர் திட்டமிடக் கற்றுக்கொண்டதும் இதனால்தான் என்று சொல்லலாம். வாழ்க்கையைப் பற்றிய பெரிய தரிசனம் எதுவும் அவரைத் திட்டம் போட வைக்கவில்லை. மாதக் கடைசியில் கடைக்குப் போயாக வேண்டிய 32 பக்கம் போட வைத்தது.

தொடக்கத்தில் அந்தக் கற்றலின் சுவடே இல்லை. பிக்விக் முதல் பகுதி ஆயிரம் பிரதிதான் அச்சாயிற்று. நான்காம் பகுதியில் சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் ஒரு சத்திரத்து முற்றத்தில் பூட்சுக்குப் பாலிஷ் போட்டபடி வந்து சேர்ந்தான். தொடர் முடியும்போது விற்பனை நாற்பதாயிரம். சாம் முன்பே யோசித்து வைக்கப்பட்ட பாத்திரமாகத் தெரியவில்லை. வந்தான், வாசகருக்குப் பிடித்தது, தங்கிவிட்டான். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த ரகசியம் புதிதல்ல. பிக்விக் முடிவதற்குள்ளேயே, 1837 பிப்ரவரியில், ஒரு மாத இதழில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ தொடங்கிவிட்டது. ஒரே மாதத்தில் இரண்டு தொடர், கையிருப்பாக எழுதி வைத்தது எதுவும் இல்லை. அந்த மே மாதம் மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் 17 வயதில் திடீரென்று இறந்தபோது டிக்கன்ஸால் பேனா எடுக்க முடியவில்லை. அடுத்த மாதம் இரண்டு தொடர்களும் வரவில்லை.

1840-இல் வந்த ‘தி ஓல்டு கியூரியாசிட்டி ஷாப்’ சிறுகதை அளவில் நினைக்கப்பட்டது. அவர் தொடங்கிய புதிய வார இதழுக்கு முதலில் எழுபதாயிரம் பேர் கிடைத்தார்கள். உள்ளே தொடர்கதை இல்லை என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. கையிலிருந்த சின்னக் கதையை இழுத்து நாவலாக்கினார். கதையின் நாயகியான சிறுமி நெல் சாகத்தான் வேண்டும் என்ற யோசனையே பாதி வழியில் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் சொன்னது. 1843-இல் ‘மார்ட்டின் சசல்விட்’ தொடருக்கு விற்பனை இருபதாயிரம் அளவில் நின்றபோது, கதாநாயகனை அவசரமாக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். விற்பனை சில ஆயிரம் கூடியது, அவ்வளவுதான். அமெரிக்க அத்தியாயங்கள் சிரிக்க வைக்கும். ஆனால் கதையோடு அவை ஒட்டவில்லை. ஒட்டு வேலை வெளியே தெரிகிறது.

மாற்றம் துலங்குவது ‘டோம்பி அண்ட் சன்’ நாவலில். 1846 கோடையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்துகொண்டு அதைத் தொடங்கினார். ஜூலையில் ஃபார்ஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் கதையின் போக்கு முழுவதும் இருக்கிறது: அகந்தை பிடித்த வணிகர், அவர் உயிரையே வைத்திருக்கும் மகன், அவர் ஏறெடுத்தும் பார்க்காத மகள், மகனின் சாவு, அதற்குப் பின் மகளின் மேல் வளரும் வெறுப்பு. சிறுவன் பால் ஐந்தாம் பகுதியின் முடிவில் இறந்தான். தொடர் படித்தவர்களுக்கு அது இடி. எழுதியவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்த செய்தி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறிப்புத் தாள் என்ற பழக்கமும் இந்த நாவலோடுதான் நிலைபெற்றது. அதற்கு முந்தைய நாவல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துண்டுகள்தான் கிடைக்கின்றன.

அந்தத் தாளைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளைக் குறுக்குவாட்டில் வைத்து நடுவில் இரண்டாகப் பிரிப்பார். வலப்பக்கம் ஒழுங்கானது: நாவலின் பெயர், பகுதி எண், அத்தியாய எண், தலைப்பு, உள்ளே வருவதைப் பற்றி இரண்டொரு வரி. இடப்பக்கம் அவர் தம்மோடு தாமே பேசிக்கொண்ட இடம். ஒரு பாத்திரத்தின் பெயரை எழுதி, இந்த மாதம் வரலாமா என்று கேள்வி போடுவார். பிறகு எதிரே பதில் விழும்: ஆம், இல்லை, இப்போது வேண்டாம். சில பதில்களின் அடியில் அழுத்தமான கோடு. மையின் நிறத்தையும் எழுத்தின் சாய்வையும் வைத்து ஆராய்ந்தவர்கள், இவை ஒரே மூச்சில் எழுதப்பட்டவை அல்ல என்கிறார்கள். வலப்பக்கக் குறிப்புகளில் பல, அத்தியாயம் எழுதி முடித்த பிறகு நினைவுக்காகப் பதிந்தவை. ஆகவே இதை வீட்டு வரைபடம் போல நினைப்பது தவறு. பாதி முன்திட்டம், பாதி வரவு செலவு.

இதில் கவனிக்க வேண்டியது கேள்வியின் தன்மை. பிக்விக் எழுதிய இளைஞர் ஒவ்வொரு மாதமும் தம்மைக் கேட்டுக்கொண்டது, அடுத்து என்ன நடக்கும் என்று. டோம்பிக்குப் பிறகு அந்தக் கேள்வி அநேகமாக ஓய்ந்துவிடுகிறது. நடப்பது தெரியும், எப்போது சொல்வது என்பதுதான் சிக்கல். இடப்பக்கத்துப் பதில்களில் ‘இப்போது வேண்டாம்’ என்பதே சுவையானது. விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நாவலாசிரியனுக்குப் பத்து வருடம் பிடிக்கிறது போலும்.

திட்டம் இருந்தும் மனம் மாறுவது நிற்கவில்லை. டோம்பியில் வால்டர் கே என்ற நல்ல பையன் மெல்ல மெல்லக் கெட்டுச் சீரழிவதாகக் காட்ட எண்ணியிருந்தார்; ஃபார்ஸ்டரிடம் கலந்தபின் கைவிட்டார். ஆனால் யோசனை வீணாகவில்லை. 1852-இல் தொடங்கிய ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் நீதிமன்ற வழக்கை நம்பி வாழ்வைத் தொலைக்கும் ரிச்சர்ட் கார்ஸ்டோனாக அது திரும்பி வந்தது. ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் டேவிட்டின் குழந்தைத்தனமான மனைவி டோரா பிழைப்பாளா மாட்டாளா என்பதை 1850 மே மாதம் வரை அவரால் முடிவு செய்ய இயலவில்லை. இன்றைக்கு முடிவெடுத்தே ஆக வேண்டும் என்று ஃபார்ஸ்டருக்கு எழுதினார். டோரா இறந்தாள். அதே ஆண்டு ஆகஸ்டில் பிறந்த தம் மகளுக்கு டிக்கன்ஸ் டோரா என்றே பெயர் வைத்தார். அந்தக் குழந்தையும் எட்டு மாதத்தில் போய்விட்டது.

அதே நாவலில் இன்னொரு திருப்பம் வெளியிலிருந்து வந்தது. மிஸ் மௌச்சர் என்ற குள்ளமான பெண்ணைச் சூழ்ச்சிக்காரியாக்கும் எண்ணத்தோடு அறிமுகப்படுத்தியிருந்தார். அக்கம்பக்கத்தில் வசித்த, அதே உடலமைப்புக் கொண்ட ஒரு பெண்மணி தம்மையே வரைந்துவிட்டதாகக் கண்டு மனம் நொந்து கடிதம் எழுதினார், வக்கீலும் வந்தார். டிக்கன்ஸ் மன்னிப்புக் கேட்டு, பாத்திரத்தின் போக்கையே மாற்றினார். சில மாதம் கழித்து மிஸ் மௌச்சர் திரும்பி வரும்போது நல்லவளாக, புண்பட்டவளாக வருகிறாள். மாறியது வாசிக்கும்போது தெரிகிறது. ஆனாலும் சசல்விட்டின் அமெரிக்கப் பயணத்தைப் போல அது உறுத்துவதில்லை. சுற்றியுள்ள கதை அதற்குள் அவ்வளவு உறுதியாகியிருந்தது.

அளவு மாறினால் முறையும் மாறியது. 1854-இல் ‘ஹார்ட் டைம்ஸ்’ அவருடைய வார இதழில் வந்தது. தொடங்குமுன் பழைய அளவை வைத்துக் கணக்குப் போட்டார்: வாரம் ஒன்றுக்குத் தம் கையெழுத்தில் ஏழரைப் பக்கம். பழைய மாதத் தாள்களின் அமைப்பிலேயே முதலில் திட்டமிட்டு, பிறகு வாரங்களாக வெட்டிக்கொண்டார். இடநெருக்கடி தம்மை நசுக்குவதாகப் புலம்பினார். 1855 ஜனவரியில் தனியாக ஒரு குறிப்பேடு தொடங்கினார். பெயர்கள், தலைப்புகள், ஒற்றை வரிக் கதைக்கருக்கள் அதில் சேர்ந்தன. அதுவரை மனத்தையே நம்பியிருந்தவர் நாற்பதைத் தாண்டியதும் தாளை நம்பத் தொடங்கினார் என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு.

கையெழுத்துப் பிரதிகளும் இதையே காட்டுகின்றன. ஃபார்ஸ்டரின் உயிலின்படி பெரும்பாலானவை லண்டனில், இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆரம்பகால நாவல்களில் எழுத்து பெரிது, வரிகளுக்கிடையே தாராளமான இடம், அடித்தல் குறைவு. பிற்கால நாவல்களில் நீல மையில் பொடி எழுத்து. அடித்து, மேலே எழுதி, அதையும் அடித்து, அச்சுக் கோப்பவர்கள் எப்படித்தான் படித்தார்களோ என்று தோன்றும். திட்டமிடுதல் முற்ற முற்ற எழுதுவது சுலபமாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. டிக்கன்ஸிடம் நேர்மாறாக நடந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பது துல்லியமாகத் தெரிந்தவருக்கு, எழுதிய வாக்கியம் அதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. சமகாலத்தவரான அந்தோணி ட்ரோலப் கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொல் என்று கடைசி வரை எழுதினார். அவர் வேறு வகை மனிதர்.

இத்தனை திட்டப் பழக்கமும் வந்த பிறகு, எல்லாவற்றிலும் கட்டுக்கோப்பானது என்று பலர் சொல்லும் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலுக்கு அந்த வழக்கமான தாள்கள் இல்லை. அது அவசரத்தில் பிறந்தது. ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் வேறொருவரின் தொடர் எடுபடாமல் விற்பனை சரிந்தபோது, 20 மாதப் பகுதிகளுக்கென மனத்தில் வைத்திருந்த கருவை எடுத்து 1860 டிசம்பர் 1 முதல் வாரத் தொடராக்கினார். 36 வாரம், கதாநாயகன் பிப்பின் வாழ்க்கை மூன்று கட்டம், கட்டத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு வாரம். அளவே இங்கே கட்டமைப்பாகிவிட்டது. கிடைக்கும் சில குறிப்புகள் நாவலின் பிற்பகுதிக்காக எழுதப்பட்டவை, பெரும்பாலும் எண்கள்: கடைசிக் கட்டத்தில் பிப்புக்கு ஏறக்குறைய 23 வயது, குற்றவாளி மாக்விட்சுக்கு 60, பணக்கார மிஸ் ஹாவிஷாமுக்கு 56. இன்னொரு தாளில் தேம்ஸ் நதியின் ஓதம்: காலை 9 முதல் மாலை 3 வரை நீர் இறங்கும், 3 முதல் 9 வரை ஏறும். மாக்விட்சைப் படகில் ஏற்றித் தப்பவைக்கும் அத்தியாயத்துக்கு அது தேவைப்பட்டது. அதற்காகவே 1861 மே மாதம் ஒரு நீராவிப் படகை வாடகைக்குப் பிடித்து, நண்பர்களோடு ஆற்றின் முகத்துவாரம் வரை போய் வந்தார். கதை மனத்தில் உட்கார்ந்துவிட்டது. சரிபார்க்க வேண்டியிருந்தது வயதும் தண்ணீரும்தான்.

அப்படியும் முடிவு மாறியது. பிப்பும் அவன் நேசித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் சில நிமிடம் சந்தித்துப் பிரிவதாக எழுதியிருந்தார். அச்சுப்படியைப் படித்த நாவலாசிரியர் புல்வர் லிட்டன் அது வேண்டாம் என்றார், டிக்கன்ஸ் மாற்றினார். முதலில் எழுதிய முடிவை அவர் இறந்த பிறகு ஃபார்ஸ்டர் அச்சிட்டார். எது மேல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பழைய முடிவுதான் அந்தக் கதைக்குப் பொருந்துகிறது என்றாலும், புதியது எளிதில் ஒதுக்கக்கூடியது அல்ல.

கடைசி ஆண்டுகளில் அளவு எதிர்ப்பக்கமாகத் தொல்லை கொடுத்தது. டோம்பி காலத்தில் எழுத்து 32 பக்கத்தைத் தாண்டி வழிந்து, அச்சுப்படியில் வெட்ட வேண்டியிருந்தது. 1864-இல் ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ தொடங்கும்போது ஐந்து பகுதிகளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டுதான் வெளியிட வேண்டும் என்று விரும்பினார். பிக்விக் காலத்து இளைஞரிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்! ஆனால் இருப்பு கரைந்துகொண்டே வந்தது. 1865 ஜூன் 9-ஆம் தேதி ஸ்டேப்பிள்ஹர்ஸ்டில் அவர் பயணம் செய்த ரயில் பாலத்தில் தடம் புரண்டது. அடிபட்டவர்களுக்குத் தண்ணீரும் பிராந்தியும் கொடுத்து உதவியபின், தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் மறுபடி ஏறிக் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தார். அந்தப் பதினாறாம் பகுதி இரண்டரைப் பக்கம் குறைவாக இருந்தது. பிக்விக்குக்குப் பிறகு இப்படி நேர்ந்ததே இல்லை என்று அவரே திகைத்தார்.

‘தி மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்’ 12 பகுதிகளுக்கு ஒப்பந்தமானது; ஆசிரியர் இடையில் இறந்தால் பணத்துக்கு என்ன வழி என்று அவர் கேட்டு ஒரு ஷரத்தும் சேர்த்திருந்தார். முதல் இரண்டு பகுதிகளும் சேர்ந்து பன்னிரண்டு பக்கம் குறைகிறது என்று அச்சகத்தார் சொன்னதும் அத்தியாயத்தை இடம் மாற்றி, புதிதாக எழுதி நிரப்பினார். 1870 ஜூன் 9 அன்று இறந்தபோது மூன்று பகுதிகள் கடைக்குப் போயிருந்தன, மூன்று கையெழுத்தில் இருந்தன. ஆறாவதிலும் இரண்டு பக்கம் போதவில்லை. குறிப்புத் தாள்கள் எழுதிய பகுதிகளின் அத்தியாயங்களைச் சொல்கின்றன, மர்மத்தைச் சொல்லவில்லை. மாதத்துக்கு மாதம் திட்டமிட்டவர் முழு முடிவையும் ஓரிடத்தில் எழுதி வைக்கவில்லை. அதைத் தலையில் வைத்திருந்தார், சிலரிடம் வாயால் சொன்னார். மாமனே மருமகனைக் கொன்றான் என்று தம்மிடம் சொன்னதாக ஃபார்ஸ்டர் எழுதினார். அந்த மாமன் ஜாஸ்பருக்கு நீளமான கழுத்துத் துணி வரையும்படி டிக்கன்ஸ் சொன்னார், அதைக் கொண்டுதான் கொலை என்றார் என்று ஓவியர் லூக் ஃபில்ட்ஸ் சாட்சி சொன்னார். பாதிப்பேர் நம்பவில்லை. மீதிக் கதையை எழுதிமுடிக்க ஆட்கள் கிளம்பினார்கள். 1873-இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஓர் அச்சகத் தொழிலாளி, டிக்கன்ஸின் ஆவி சொல்லச் சொல்லத் தாம் எழுதியதாக அறிவித்து முழு நாவலையும் வெளியிட்டார். அது விற்கவும் செய்தது.