மேட்ரிக்ஸின் முடிவும் எங்கள் கிணறும்

2003 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேலத்தில் மதியக் காட்சி பார்த்துவிட்டு நண்பர்கள் மூவர் தம்மம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாழப்பாடி வருவதற்குள் எங்கள் குரல் உயர்ந்துவிட்டது. ஆத்தூரில் பேருந்து மாறிய பிறகும் சண்டை ஓயவில்லை. நடத்துநர் எங்களைப் பார்த்த பார்வையில், சொத்துத் தகராறு போலிருக்கிறது என்ற எண்ணம் தெரிந்தது. நாங்கள் சண்டையிட்டது ‘மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்’ படத்தின் கடைசி இருபது நிமிடங்களைப் பற்றி. ஆனால் நடத்துநரின் ஊகம் முழுக்கத் தவறல்ல என்று இப்போது தோன்றுகிறது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களை வளர்த்து அவர்களின் உடலிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்கின்றன இயந்திரங்கள். அந்த மனிதர்கள் தாம் சுதந்திரமாக வாழ்வதாக நினைத்துக்கொண்டிருக்கும் உலகம் ஒரு கணினிக் கனவு, அதுதான் மேட்ரிக்ஸ். 1999இல் வந்த முதல் படத்தில் நியோ என்ற இளைஞன் அக்கனவிலிருந்து விழிக்கிறான். ‘நான் காணும் உலகம் மெய்யா’ என்ற பழைய கேள்வியை, துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவே, எங்களைப் போன்ற சிற்றூர் இளைஞர்களின் மடியில் கொண்டுவந்து போட்ட படம் அது. மாயாவாதம் பற்றி அதுவரை எந்த நூலையும் புரட்டியிராத நான், அப்படத்திற்குப் பிறகுதான் நூலகத்தில் அந்த அலமாரிப் பக்கம் போனேன்.

அடுத்த இரு பாகங்களும் 2003லேயே வந்தன. மூன்றாவது பாகத்தை அவ்வாண்டு நவம்பர் 5 அன்று உலகின் பல நகரங்களில் ஒரே கணத்தில் திரையிட்டார்கள். நியூயார்க்கில் காலை 9 மணி, லண்டனில் பிற்பகல் 2, டோக்கியோவில் இரவு 11. ஒரு கதையின் முடிவை உலகமே சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அது. தெரிந்துகொண்ட உலகம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டாம் பாகம் உலகெங்கும் 70 கோடி டாலருக்கும் மேல் ஈட்டியது. மூன்றாவது ஏறத்தாழ 43 கோடியோடு நின்றுவிட்டது. ஏமாந்தவர்களே அதிகம்.

நானும் ஏமாந்தவர்களில் ஒருவன். பேருந்தில் நான் அடுக்கிய குற்றச்சாட்டுகள் இன்றும் நினைவிருக்கின்றன. சயான் நகரத்துப் போர் படத்தின் நடுப்பகுதியை விழுங்கிவிடுகிறது. நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத மனிதர்கள் அங்கே வீர மரணம் அடைகிறார்கள். கனவுக்கு வெளியிலும் நியோவால் இயந்திரங்களை எப்படி நிறுத்த முடிகிறது என்ற, இரண்டாம் பாகம் விட்டுச்சென்ற புதிருக்குத் தெளிவான விடையே இல்லை. டிரினிட்டி சாகும் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். ஆனால் மேட்ரிக்ஸ் அழியவில்லை! நியோ இயந்திரங்களின் நகருக்கே சென்று பேரம் பேசுகிறான். ஸ்மித் என்ற நிரல் தன்னையே பிரதியெடுத்துப் பெருகி, இயந்திரங்களுக்கும் அடங்காத ஆபத்தாகிவிட்டது. அதை நான் ஒழிக்கிறேன், பதிலுக்குச் சமாதானம் வேண்டும் என்கிறான். ஸ்மித்தோடு சேர்ந்து அவனும் மடிகிறான். இயந்திரப் படை சயானை விட்டுத் திரும்புகிறது. விடுபட விரும்புகிறவர்களை விட்டுவிடுவதாக ஒரு வாக்குறுதி. மற்றவர்கள் கனவிலேயே இருக்கிறார்கள். “இதற்கா மூன்று படம்? இது முடிவல்ல, சரணாகதி” என்றேன்.

கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்த நண்பன் எதிர்க்கட்சி. அவனுக்குப் படத்திலிருந்த இந்திய வாசனையே போதுமானதாக இருந்தது. ஆளற்ற ரயில் நிலையத்தில் நியோ சந்திக்கும் ராமா கந்திரா, கமலா, அவர்களுடைய சிறுமி ஸதி. மூவரும் மனிதர்கள் அல்லர், நிரல்கள். கமலாவாக நடித்தவர் தாரிணி முதலியார் என்பதைத் திரையில் ஓடிய பெயர்ப் பட்டியலில் கண்டுபிடித்து அவன் துள்ளியதை மறக்க முடியாது. இறுதியில் ஒலித்த பாடலில் பிருகதாரண்யக உபநிடதத்தின் வேண்டுதல் சமஸ்கிருதத்திலேயே வந்தது அவனுக்குப் பெருமிதம். அது பெருமிதமே தவிர வாதமல்ல என்றேன். இன்று யோசித்தால், அக்குடும்பத்தின் பெயர்களைவிட அங்கே நிகழும் உரையாடல்தான் முக்கியம் என்று தோன்றுகிறது. தன் மகளுக்கு எந்தப் பயனும் வகுக்கப்படவில்லை, ஆகவே அவள் அழிக்கப்படுவாள் என்று அஞ்சி அத்தந்தை அவளைக் கடத்தி வருகிறான். ஓர் இயந்திர நிரல் தன் குழந்தைக்காகப் பயப்படுவதைக் கண்ட பிறகு, இயந்திரங்கள் மொத்தமாக அழிந்தால்தான் எனக்குத் திருப்தி என்று எப்படிச் சொல்ல முடியும்? ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டிக்காகக் கண் கலங்கியவர்கள்தானே சுஜாதாவின் வாசகர்கள்? எனக்கு அன்று அது உறைக்கவில்லை.

மூன்றாவது நண்பன் மரச்சிற்பி. தம்மம்பட்டியைத் தெரிந்தவர்களுக்கு அத்தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. தூங்குமூஞ்சி வாகை மரத்தில் தெய்வங்களும் யாளிகளும் வாகனங்களும் செதுக்கும் பட்டறைகள் எங்கள் ஊரின் அடையாளம். அவனுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. அரங்கில் நான்தான் காதில் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவனை வேறொன்று பிடித்துக்கொண்டிருந்தது. நியோ கண்களை இழந்த பின் இயந்திர நகரை முழுக்க ஒளியாகக் காண்கிறானே, அந்தக் காட்சி. “நாங்க சிலைக்குக் கடைசியாத்தான் கண்ணைத் திறப்போம். இவனுக்குக் கடைசியில கண்ணை மூடிட்டாங்க. அப்புறந்தான் அவனுக்கு எதிரி யாருன்னு தெரியுது” என்றான். முடிவைப் பற்றிக் கேட்டபோது, ஊர் நெருங்கும் வரை பேசாமல் இருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான். “ரெண்டு பக்கமும் மறுநாள் காலையில விடியணும்ல?”

நான் சிரித்தேன். அப்போது நான் சிரிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் 1993 முதல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தாத்தா வெட்டிய கிணறு. பாகம் பிரித்தபோது நிலத்துக்கு வரப்புப் போட்டார்கள்; தண்ணீருக்குப் போட முடியவில்லை. ஒரே கிணறு, ஒரே மின் இணைப்பு, இருபுறமும் பாக்கும் மரவள்ளியும். வெட்டிய வாய்க்காலை ஒருவர் மூட, மூடியதை மற்றவர் வெட்ட, பத்து வருடம் போயிற்று. தீபாவளிக்கும் பேச்சில்லை, சாவுக்கும் போக்குவரத்தில்லை. நான் வளர்ந்ததே அந்த வழக்கை வெல்வதற்காகத்தான் என்று நம்பினேன். காகிதங்கள் எங்கள் பக்கம் இருந்தன. அது உண்மை.

2004 தை மாதத்தில், படம் பார்த்த சில வாரங்களில், அப்பா யாரையும் கேட்காமல் சித்தப்பா வீட்டுக்குப் போனார். வாரத்தில் நான்கு நாள் எங்களுக்கு, மூன்று நாள் அவர்களுக்கு; மோட்டார் பழுதுக்குச் செலவு பாதிப் பாதி என்று முறை எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினார். வழக்கு வாபஸ். வென்றிருக்க வேண்டிய வழக்கு. பேருந்தில் சொன்ன அதே சொல்லை அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னேன்: சரணாகதி. அவர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன்பின் பல மாதங்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை. 2011இல் அவர் இறந்தார். அன்று எனக்கு முன்பாக ஓடிவந்து அவர் கால்களைப் பிடித்துக்கொண்டவர் சித்தப்பா. அப்பா வழக்கை வென்றிருந்தால் அந்த மனிதர் எங்கள் தெருவுக்குள்ளேயே வந்திருக்க மாட்டார்.

போரை வென்று முடிக்கும் கதைகளுக்குத்தான் நம் மனம் பழகியிருக்கிறது. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைப் பத்துப் பருவங்களோடு நிறுத்திக்கொண்டார். பதினெட்டாம் நாள் போரும் அன்றிரவுப் படுகொலையும் முடிந்ததும் நூல் முடிகிறது. கதையைப் பதினெட்டுப் பருவங்களுக்கும் கொண்டுசெல்ல நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது. ஊர்த் திருவிழாக்களின் பாரதமும் படுகளத்தில் துரியோதனனை வீழ்த்தி, தருமருக்குப் பட்டம் கட்டி நிறைகிறது. அதற்குப் பிறகு வியாசர் சொன்னதை யார் கேட்கிறார்கள்? சொர்க்கத்துக்குப் போன தருமர் அங்கே துரியோதனன் வீற்றிருப்பதைக் கண்டு கொதித்துப்போகிறார். அந்தக் கொதிப்புதான் அன்று பேருந்தில் என்னிடம் இருந்தது. எதிரியும் இருக்கிற முடிவை நம்மால் முடிவென்றே ஏற்க முடிவதில்லை.

இதனால் படத்தின் குறைகள் மறைந்துவிடுவதில்லை. சயான் போர் இன்றும் எனக்கு நீளமாகத்தான் இருக்கிறது. புதிருக்கு விடை கேட்டவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் குறைகளைச் சொல்லும்போது எங்கள் குரல் ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பது வேறு கேள்வி. இதற்கு முன் ஐந்து முறை சயான் அழிக்கப்பட்டது என்று இரண்டாம் பாகத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். எழுச்சியும் அழிவும் ஒரு சக்கரமாகச் சுழல்கின்றன. ஆறாம் முறை நியோ அதே போரை இன்னும் வலுவாகச் செய்திருந்தால் சக்கரம் இன்னொரு சுற்றுச் சுற்றியிருக்கும். அவன் அதை நிறுத்தினான். அதற்காக வெற்றியை விட்டுக்கொடுத்தான். கடைசியில், இந்த அமைதி எவ்வளவு காலம் நீடிக்கும் என்று மேட்ரிக்ஸை வடிவமைத்த கிழவர் கேட்க, முடிந்தவரை நீடிக்கும் என்ற பொருளில் பதில் சொல்கிறாள் குறிசொல்லும் மூதாட்டி. அவர்களுக்கு முன்னால் ஒரு விடியல். அதை உருவாக்கியவள் சிறுமி ஸதி, பயனற்றவள் என்று அழிக்கப்படவிருந்தவள். சிற்பி நண்பன் பார்த்த விடியல் அதுதான்.

முன்னிரண்டு பாகங்களைப் போலவே மூன்றாவதையும் வச்சௌஸ்கி சகோதரிகள் இருவரும் சேர்ந்தே இயக்கினார்கள். 2021 டிசம்பரில் லானா வச்சௌஸ்கி மட்டும் நான்காவது படத்தோடு வந்தார். பெற்றோரை இழந்த துயரத்தில், இறந்துபோன தன் இரு பாத்திரங்களும் திரும்ப வேண்டும் என்று தோன்றியதாக அவர் வெளிப்படையாகவே சொன்னார். முடிவு அவருக்கே முடிவாக இருக்கவில்லை. அப்படத்தில் மனிதர்களும் சில இயந்திரங்களும் ஒரே நகரில் வாழ்கிறார்கள். சேர்ந்து ஸ்ட்ராபெரி கூட விளைவிக்கிறார்கள். மறுபுறம் ஆற்றல் பற்றாக்குறையில் இயந்திரங்களே தமக்குள் மோதியிருக்கின்றன. சமாதானம் பாதி பலித்து, பாதி கெட்டிருக்கிறது. உண்மைக்கு அதுவே பக்கம்.

எங்கள் கிணற்றில் இப்போது தண்ணீர் இல்லை. இரு தோட்டங்களிலும் ஆழ்துளைக் கிணறு போட்டாகிவிட்டது. பத்து வருடம் எதற்காகச் சண்டையிட்டார்களோ அது வற்றிவிட்டது. எழுதிய முறைக்கும் வேலையில்லை. ஆனாலும் சித்தப்பா மகன் மாலையில் அந்தப் பக்கம் வந்தால் கிணற்று மேட்டில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுகிறான். பாக்கு விலை பேசுவோம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். போன மாதம் அவனுக்கு இந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப யாருண்ணா ஜெயிச்சாங்க?” என்றான்.

அப்பாவிடம் நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வியும் அதுதான்.