எடை கூடிய சொல்

எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. மலையாளத்தில் அது தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீர். சொல் ஒன்று, பொருள் வேறு. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவன் இத்தகைய சொற்களிடம்தான் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குத்துச்சண்டையில் அப்படி ஒரு சொல் உண்டு: ஹெவிவெயிட்.

பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் படிக்கிறான். குத்துச்சண்டைப் பயிற்சிக்கும் போகிறான். "மாமா, முகமது அலி இப்ப இருந்திருந்தா டைசன் ஃபியூரி முன்னால நிப்பாரா?" என்று ஒரு நாள் டீக்கடையில் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பெஞ்சில் இருந்த பெரியவர் தீர்ப்பு வழங்கிவிட்டார்: "அந்தக் காலத்து உடம்பு வேறடா தம்பி. இப்பத்த ஆளுக எல்லாம் ஊதின பலூன்."

பெரியவர் பேசும் நியாயம் எனக்குப் பழக்கமானது. எங்களுக்குப் பக்கத்தில் பல்லசனையில் ஓணத்தின்போது ஓணத்தல்லு நடக்கும். திறந்த உள்ளங்கையால் மட்டுமே அடிக்க வேண்டும். முஷ்டி பிடிக்கக் கூடாது. ஒவ்வோர் ஓணத்துக்கும் முன்பிருந்த மல்லர்கள் ஒரு சுற்றுப் பெரிதாகிவிடுவார்கள். நினைவுக்குத் தராசு கிடையாது.

குத்துச்சண்டைக்குத் தராசு உண்டு. மோதலுக்கு முன் இருவரையும் நிறுத்து எழுதி வைக்கிறார்கள். அந்தக் கணக்கு பெரியவர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1919ல் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற ஜாக் டெம்ப்சியின் எடை சுமார் 85 கிலோ. 1952ல் வென்ற ராக்கி மார்சியானோ 84 கிலோவுக்கும் குறைவு. உயரம் 180 சென்டிமீட்டரை எட்டவில்லை. 1974ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்திய அலி சுமார் 98 கிலோ. 2024 டிசம்பரில் ரியாத்தில் மேடையேறிய டைசன் ஃபியூரி 127 கிலோவுக்கும் மேல். உயரம் 206 சென்டிமீட்டர்.

ஹெவிவெயிட்டுக்குக் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை இல்லை. 1980 வாக்கில் அதற்குக் கீழே குரூசர்வெயிட் என்று புதிய பிரிவு வந்தது. இன்று அதன் உச்ச வரம்பு சுமார் 90.7 கிலோ. அதாவது டெம்ப்சியும் மார்சியானோவும் இன்று வந்தால் தராசு அவர்களை ஹெவிவெயிட் என்றே சொல்லாது. சொல் அப்படியே இருக்கிறது. அதற்குள் இருக்கும் மனிதன் 40 கிலோ கூடிவிட்டான்.

சின்னவன் பெரியவனைச் சாய்த்த கதைகள் இல்லையா என்று கேட்கலாம். நிறைய உண்டு. டெம்ப்சி பட்டத்தைப் பறித்தது 111 கிலோ எடையும் இரண்டு மீட்டர் உயரமும் கொண்ட ஜெஸ் வில்லார்டிடமிருந்து. முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் விழுந்தார் வில்லார்ட். 1935ல் ஜோ லூயிஸ் தன்னைவிட ஏறக்குறைய 30 கிலோ அதிகமான பிரைமோ கார்னெராவை ஆறாம் சுற்றில் முடித்தார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வில்லார்டுக்கு அப்போது வயது 37. மூன்று ஆண்டுகளாகப் பட்டத்தைப் பணயம் வைத்து மோதாதவர். கார்னெராவுக்கு உடம்பு இருந்த அளவுக்கு வித்தை இல்லை. அன்றைய ராட்சதர்களுக்குப் பெரும்பாலும் உருவமே மூலதனம். பின்னால் வந்த லெனாக்ஸ் லூயிஸ், விளாடிமிர் கிளிச்கோ, ஆன்டனி ஜோஷுவா மூவரும் 195 சென்டிமீட்டருக்கு மேல் உயரம். மூவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். உடம்பும் வித்தையும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் புதிது. இடது கையை நீட்டியே குட்டையானவனைத் தூரத்தில் நிறுத்திவிடுவார்கள். அவன் புகுந்து நெருங்கினால் மேலே சாய்ந்து தங்கள் எடையைச் சுமக்க வைப்பார்கள். நாலு சுற்றில் தோள் கனத்துவிடும்.

இந்தச் சர்ச்சையைக் கணினியிடம் விட்டும் பார்த்தார்கள். 1969ல் அலியையும், 1956லேயே ஓய்வு பெற்றுவிட்ட மார்சியானோவையும் மேடையேற்றிப் படம் பிடித்தார்கள். மார்சியானோ இருபது கிலோவுக்கு மேல் இளைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு நடித்தார். படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் திரையிட்டபோது, 13ஆம் சுற்றில் மார்சியானோ வென்றதாகக் கணினி சொன்னது.

அந்த 13 என்ற எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1952ல் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் மோதியபோது, புள்ளிகளில் பின்தங்கியிருந்த மார்சியானோ ஒரே குத்தில் பட்டம் வென்றதும் 13ஆம் சுற்றில்தான். இன்று அந்தச் சுற்றே கிடையாது. 1941ல் ஜோ லூயிஸை எதிர்த்த பில்லி கான் 80 கிலோ கூட இல்லாதவர். 12 சுற்று முடிவில் இரண்டு நடுவர்களின் கணக்கில் அவரே முன்னணி; மூன்றாமவர் சமன். 13ல் லூயிஸ் அவரை வீழ்த்தினார். இன்றைய விதிப்படி அன்றிரவு உலகச் சாம்பியன் பில்லி கான்! ஒரு வீரனை அவன் காலத்திலிருந்து தனியாகப் பெயர்த்தெடுக்க முடியாது. அவன் ஆடிய சுற்றுகளையும் கூடவே தூக்கிவர வேண்டும்.

பதினைந்து சுற்று இருந்திருந்தால் இன்றைய 127 கிலோக்காரர்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும், பழையவர்கள் வென்றிருப்பார்கள் என்று ரசிகர்கள் சொல்வதுண்டு. அந்தச் சுற்றுகள் ஏன் போயின என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியிடம் 14ஆம் சுற்றில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக் கூ சில நாட்களில் இறந்தார். அதன் பிறகு உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 12 சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்பற்றின. 1975ல் மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் 14 சுற்று அடித்துக்கொண்டார்கள். 15ஆம் சுற்றுக்கு ஃபிரேசியரை எழவிடாமல் தடுத்தார் அவரது பயிற்சியாளர் எடி ஃபட்ச். அந்த மனிதரின் முடிவு எந்த வெற்றியைவிடவும் பெரியது என்று நினைக்கிறேன்.

சரி, பையனுக்கு என்ன பதில்? அதை ஓலெக்ஸாண்டர் உசிக் சொல்லிவிட்டார். உக்ரைன்காரரான அவர் முதலில் குரூசர்வெயிட்டில் அத்தனை பட்டங்களையும் வென்று, பிறகு ஹெவிவெயிட்டுக்கு ஏறியவர். உயரம் 191 சென்டிமீட்டர், ஏறக்குறைய அலியின் அளவு. 2024 மே மாதமும் டிசம்பரிலும் ஃபியூரியை இரண்டு முறை புள்ளிகளில் வென்றார். இரண்டாம் முறை எடை வித்தியாசம் சுமார் 25 கிலோ. நின்ற இடத்தில் நிற்காத கால்களும் எதிராளியின் தோளைப் படிக்கும் கண்ணும் இருந்தால் போதும் என்று காட்டினார். அலியிடம் இரண்டும் இருந்தன. அவர் நிற்பார், வெல்லவும் கூடும். ஃபோர்மனுக்கும் இடம் உண்டு. மார்சியானோவும் டெம்ப்சியும் ஓரிரவு அதிசயம் செய்யலாம். ஆண்டுக்கணக்கில் பட்டத்தைக் காப்பது சிரமம். அது அவர்களுக்கு இழுக்கல்ல. எடைப் பிரிவுகள் ஏற்பட்டதே இந்த உண்மையை ஒப்புக்கொள்ளத்தான்.

இது நம் நாட்டுக்கும் தெரிந்த சங்கதி. மேரி கோம் உலகப் பட்டங்களைக் குவித்தது 48 கிலோவும் அதற்குக் கீழும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 51 கிலோவுக்குக் கீழே பிரிவே இல்லை. எடை ஏற்றிக்கொண்டு போய்த் தன்னைவிட உயரமானவர்களுடன் மோதினார். அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். அந்தச் சில கிலோவின் கனம் அவருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன் தன் கவலையைச் சொன்னான். 67 கிலோ இருக்கிறானாம். சீக்கிரம் எடை ஏற்றச் சொல்லி நண்பர்கள் பவுடர் டப்பா வாங்கித் தந்திருக்கிறார்களாம். "உன் எடையிலயே ஆடு தம்பி, காலைப் பழக்கு" என்றேன். பெரியவர் இதற்கு மட்டும் தலையாட்டினார்.