துவக்கின் உதை

எங்கட பக்கத்து வயசாளிகள் ஒரு துவக்கைப் பற்றிக் கதைக்கும்போது அது எவ்வளவு தூரம் சுடும் என்று முதலில் சொல்லமாட்டார்கள். எப்படி உதைக்கும் என்றுதான் சொல்வார்கள். "பொல்லாத உதை, உன்னால தாங்கேலாது." பாடப்புத்தகத்தில் இதற்குப் பின்னுதைப்பு என்று பெயர். உயர்தரப் பௌதிகவியலில் உந்தக் காப்பு விதிக்கு வருகிற வழமையான கணக்கு இதுதான்: இத்தனை கிராம் குண்டு, இத்தனை கிலோ துப்பாக்கி, பின்னுதைப்பு வேகம் என்ன? எங்களுக்குப் படிப்பித்த சேர் கரும்பலகையில் அதைத் துப்பாக்கி என்று எழுதவேமாட்டார். வள்ளம் என்று எழுதுவார். வள்ளத்திலிருந்து ஒருவன் கரைக்குக் குதிக்கிறான், வள்ளம் என்ன வேகத்தில் பின்னால் போகும்? செய்கை வழி ஒன்றுதான். ஏன் மாத்துறீங்கள் எண்டு வகுப்பில ஒருத்தரும் கேட்டதில்லை. முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு வள்ளமும் தெரியும், மற்றதும் தெரியும்.

அந்த வள்ளத்தைத் திரும்பத் துவக்காக்கி நான் கணக்குப் பார்த்தது சித்தியின்ர தோளாலதான்.

சித்திக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. தலை இழுக்கிறது, கொடியில உடுப்புப் போடுறது எல்லாம் இடது கைதான். இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் முனகுவா. கிளினிக்கில், "பாரமான வேலை ஏதும் செய்தனீங்களோ?" என்று கேட்டார்கள். "தண்ணி அள்ளினது" என்றா. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்ர காதுக்குள்ள சொன்னா: "அதால வந்ததோ தெரியேல்லை பிள்ளை."

எதால என்று நான் கேட்கவில்லை. 2008 கடைசியில் வீட்டுக்கு ஒராள் என்று கூட்டிக்கொண்டு போன நாட்களில் அவவுக்கு 24 வயசு. சில கிழமைப் பயிற்சி, கையில ஒரு ரி-56. முதல்நாள் சுட்ட பிறகு பிடங்கு பட்ட இடம் நாவல்பழ நிறத்தில கண்டிப்போய் இருந்ததாம். இதை அவ ஒரேயொருமுறைதான் சொல்லியிருக்கிறா, அதுவும் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு. டொக்டருக்குச் சொல்லுற கதை இல்லை அது. ஆருக்குமே சொல்லுற கதை இல்லை.

அப்ப கணக்கு. ரி-56 என்பது ரஷ்யாவின் ஏகே-47ஐப் பார்த்துச் சீனா செய்தது. அதன் குண்டு ஏறக்குறைய 8 கிராம், வாயைவிட்டு வெளியேறும் வேகம் செக்கனுக்கு 715 மீற்றர் அளவு. பெருக்கினால் உந்தம் 5.7. துவக்கின் நிறை 4 கிலோ என்று வைத்தால் அது செக்கனுக்கு 1.4 மீற்றர் வேகத்தில் பின்னால் வரவேண்டும். குண்டோடு வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வாயுவை விட்டுவிட்டால் சக்தி 4 யூல். நான் இதைவிடப் பெரிய எண்ணொன்றை எதிர்பார்த்திருந்தேன்.

ஒப்பிட ஒரு துவக்கு வேணுமே. அப்பப்பாவிடம் இருந்தது பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் எடுத்த 12 போர் ஒற்றைக் குழல். பன்றிக்கும் குரங்குக்கும் வைச்சிருந்தது. 32 கிராம் சன்னம், செக்கனுக்கு 400 மீற்றர், துவக்கு 3 கிலோ என்று போட்டால் உதை 27 யூல் வருகிறது. சித்தியினதைவிட ஆறு மடங்குக்கும் மேல்! அப்பப்பா அதன் பிடங்கின் அடியில் பழைய பாட்டா செருப்பொன்றை வெட்டி ஆணியால் அடிச்சு வைச்சிருந்தாராம். அப்பா இன்றைக்கும் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவார். சிரிக்கிறதுக்கு ஒன்றுமில்லை, அது சரியான பௌதிகம். உந்தத்தைக் குறைக்க ஏலாது. ஆனால் அதை வாங்கி முடிக்கிற நேரத்தை நீட்டலாம், வாங்குகிற பரப்பைக் கூட்டலாம். செருப்பு ரெண்டையும் செய்தது. வெளிநாட்டில் பிடங்குக்கென்று ரப்பர் மெத்தை விற்கிறார்கள், அதுவும் அந்தச் செருப்பு செய்த வேலையைத்தான் செய்யுது. ஒரு பிழை மட்டும் வரும். மெத்தையின் தடிப்பு அளவுக்குப் பிடங்கு நீண்டுபோகும், கட்டைக் கைக்காரருக்கு முகமும் தோளும் சரியான இடத்தில் பொருந்தாது. அப்பப்பா நெட்டையர், தப்பினார்.

பெரிய நாடுகள் இதற்குச் செய்த வேலை வேறு விதம். 1950களில் அமெரிக்கர் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த துவக்கில் (எம்-16 அந்த வழியில் வந்ததுதான்) பிடங்கு குழலுக்கு நேர்கோட்டில் இருக்கும். உதை நேரே தோளுக்குள் போவதால் வாய் மேலே துள்ளுவது குறைவு. பிடங்குக்குள்ளே ஒரு குழாய், அதற்குள் சுருள்வில், அதன் முன்னால் தாங்கி என்கிற பாரத்துண்டு. சுட்டதும் பின்னால் ஓடிவருகிற இரும்பு அந்தத் தாங்கியைத் தள்ளிக்கொண்டு போய் வேகம் தணிந்து நிற்கும். தாங்கியின் பாரத்தைக் கூட்டினால் ஓட்டம் இன்னும் மெதுவாகும், ஒரு பெரிய குத்து நீண்ட தள்ளலாக மாறும். ரி-56 இல் இது கிடையாது. வில் உடலுக்குள்ளேயே இருக்கிறது, ஓடிவருகிற இரும்பு கடைசியில் இரும்பிலேயே மோதும். அதனால்தான் அதன் பிடங்கை மடிக்கக்கூடிய மாதிரியும் செய்ய முடிந்தது, எம்-16ஐ அப்படி மடிக்க ஏலாது. தோளுக்குச் சுகமோ பைக்குள் அடங்குகிற சுகமோ, ஏதோ ஒன்றைத்தான் எடுக்கலாம் போல. ரஷ்யர்கள் பிறகு ஏகே-74 இல் குண்டையே சிறிதாக்கி, வாயில் வாயுவைத் திருப்பிவிடுகிற துண்டொன்றையும் பூட்டினார்கள்.

இந்த ஆராய்ச்சி ஒன்றும் சித்தியின் பயிற்சி முகாமுக்கு வரவில்லை. அங்கே சொன்னது ஒன்றுதான்: "தோளோட இறுக்கிப் பிடி." அதுவும் பௌதிகம்தான். இறுக்கிப் பிடித்தால் உங்கட உடம்பும் துவக்கின் நிறையோடு சேரும், இடைவெளி விட்டால் அது ஓடிவந்து எலும்பில் இடிக்கும். முதல்நாள் சித்தி இடைவெளி விட்டிருப்பா. பயந்த பிள்ளை துவக்கைத் தன்னிலிருந்து தள்ளித்தான் பிடிக்கும், எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் 4 யூல் கண்டல் காயத்துக்குப் போதும், இத்தனை வருசம் கழிச்சு மூட்டை இறுக்கிப் பூட்டப் போதாது என்றுதான் எனக்குப் படுது. சித்திக்குச் சீனி வருத்தம் இருக்கு. சீனி உள்ளவைக்குத் தோள்மூட்டு இறுகிப்போறது கூட. பிசியோ மிஸ் சொன்னதும் அதைத்தான், சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியும் காட்டிவிட்டா. அதுக்கு மேல 2009 இல் மனிக் பாமில் தண்ணித் தாங்கியடியில் நின்று 20 லீற்றர் கானைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு நடந்த கை அது. 20 கிலோ, ஒரு நாளைக்கு எத்தனை நடை? துவக்கை அவ தூக்கினது சில மாதம். கானைத் தூக்கினது அதைவிடக் கனகாலம்.

கொப்பியில் போட்ட கணக்கைச் சித்திக்குக் காட்டினேன். யூல் எல்லாம் அவவுக்கு விளங்கவில்லை. 27, 4 என்ற ரெண்டு எண்ணையும் கன நேரம் பார்த்துக்கொண்டு இருந்தா.

"அப்ப அதால இல்லை?"

"இல்லைப் போலத்தான் கிடக்கு சித்தி."

"அப்ப நான் டொக்டருக்குச் சொன்னது பொய்யில்லைத்தானே" என்றா. கொப்பியைத் தந்துவிட்டு எழும்பிப்போய்ச் சுவரில விரலை வைச்சா.