அந்த அணை என்னவாயிற்று?

அரையாண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த அன்று மாலை, பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குப் பள்ளி மண்டபத்தில் படம் காட்டினார்கள். ரிச்சர்ட் டானர் இயக்கத்தில் 1978-ஆம் ஆண்டு வெளிவந்த 'சூப்பர்மேன்' என்ற ஆங்கிலப் படம். பௌதிகமும் பூகோளமும் எழுதிய சூடு இன்னும் ஆறாத தலைகள் அல்லவா? திரையில் எது ஓடினாலும் சிவப்பு மையால் திருத்தவே எங்களுக்குக் கை துறுதுறுத்தது.

முதல் சிவப்பு மை மூக்குக்கண்ணாடிக்கு. வானத்தில் பறக்கும் வீரர், கண்ணாடி போட்டுக்கொண்டு சற்றுக் கூனி நடந்தால், பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் லோயிஸ் லேனுக்கே அடையாளம் தெரியவில்லையாம்! எங்கள் வகுப்பில் ஒருத்திக்காக இன்னொருத்தி 'உள்ளேன்' சொன்னால், தலை நிமிராமலே சிஸ்டர் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆயினும் இந்தப் பிழையை மன்னித்துவிட்டோம். கிறிஸ்டோபர் ரீவ் அந்தக் கூச்சத்தை அவ்வளவு அழகாக நடித்திருந்தார்.

வில்லன் லெக்ஸ் லூதரின் திட்டம் வேடிக்கையானது. பாலைவன மணலை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின்மேல் ஏவுகணையை வீசுவான். பிளவுக்கு மேற்கே உள்ள நிலம் கடலில் மூழ்கும். அவனுடைய மணல்காடு கடற்கரை மனையாகும். பூகோளத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் இருக்கையை விட்டே எழுந்துவிட்டாள். அந்தப் பிளவில் நிலம் பக்கவாட்டில் உரசி நகருமே தவிர, கடலுக்குள் சரியாது. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது வேலிகள் துண்டாகிப் பல அடி தள்ளிப் போய் நின்றன, ஊர் முழுகிவிடவில்லை.

இனித்தான் பெரிய பிழை. லூதர் இரண்டு ஏவுகணைகளைத் திசைக்கொன்றாகத் திருப்பிவிடுகிறான். சூப்பர்மேன் ஒன்றைத் துரத்திப் பிடிக்கிறார், மற்றொன்று வெடித்துவிடுகிறது. ரயிலையும் பாலத்தையும் காப்பாற்றி, ஹூவர் அணை உடைந்து வரும் வெள்ளத்தைப் பாறைகளைச் சரித்துத் தடுத்து நிறுத்துவதற்குள், லோயிஸ் காரோடு மண்ணில் புதைந்து இறந்துபோகிறாள். அவர் கதறிக்கொண்டே மேலெழும்பி, பூமியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை சுற்றுகிறார். பூமி பின்னோக்கிச் சுழல, காலமும் பின்னோக்கி ஓடுகிறது!

இந்த வேகம் முன்னமே இருந்திருந்தால் இரண்டாவது ஏவுகணை எப்படித் தப்பியது? வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் விழுந்தபோது ஏன் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை? 'அப்போது அவருக்குப் பயிற்சி இல்லையடி' என்று ஒருத்தி வக்காலத்து வாங்கினாள். பௌதிகக்காரி விடவில்லை. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. அதைச் சட்டென்று நிறுத்தினால் கடலும் கட்டடங்களும் கிழக்கே பாய்ந்து சிதறும். கடிகார முள்ளைத் திருப்பினால் நேற்றைய தினம் வந்துவிடுமா என்றாள். நாங்கள் கைதட்டினோம்.

இவ்வளவு சிரிப்பிலும் எங்களோடு சேராமல் ஒருத்தி இருந்தாள். விடுதியில் தங்கிப் படிப்பவள், ஆற்றங்கரைக் கிராமம். அவள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது வெள்ளத்தில் அவர்கள் வீடு போயிற்று. அதற்குப் பிறகுதான் விடுதிக்கு வந்தாள். வராந்தாவில் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "அந்த அணை என்னவாயிற்று?"

எங்களுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். காலம் திரும்பும்போது வெள்ளமும் பாறைகளும் பின்னோக்கிப் போய் அணை மறுபடி முழுதாகிறது. ஆனால், உயிர்பெற்ற லோயிஸ் என்ன சொல்கிறாள்? பெட்ரோல் நிலையம் வெடித்தது, கம்பங்கள் விழுந்தன என்று பொரிகிறாள். அப்படியானால் நிலநடுக்கம் வந்துதானே இருக்கிறது? அணையும் திரும்ப உடைந்திருக்கும் அல்லவா? அவரோ காருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பாறைகளைப் போட்டு வெள்ளத்தைத் தடுத்தது யார்? அணைக்குக் கீழே இருந்தவர்கள்?

எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நாங்கள் கண்ணாடியைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

ஓடிப்போய் சிஸ்டரிடம் கெஞ்சினோம். அவர்கள் ஒரு செய்தி சொன்னார்கள்: முதல் படத்தையும் இரண்டாம் படத்தையும் ஒருசேர எடுத்தார்களாம். காலத்தைத் திருப்பும் முடிவு உண்மையில் இரண்டாவதற்காக எழுதப்பட்டதாம். அதை முதல் படத்துக்கு எடுத்துப் போட்டுவிட்டார்கள். 2006-இல் டானரின் திட்டப்படி இரண்டாம் படத்தைத் தொகுத்து வெளியிட்டபோது, அதிலும் அதே முடிவு வந்ததாம். ஓர் உடையின் கையை வெட்டி இன்னொன்றில் தைத்தால் அளவு சரியாகவா இருக்கும்? எங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் திருப்தியில்லை. "ஒருமுறை பார்க்கலாமா, சிஸ்டர்?" என்றாள்.

மண்டபத்தில் மறுபடியும் விளக்கை அணைத்தார்கள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பாறைகள் மேலே ஏறின, வெள்ளம் திரும்பிப் போனது, அணை மூடிக்கொண்டது. அடுத்த காட்சியில் லோயிஸ், கார், வெயில். சிஸ்டர் கேளாமலே இன்னொரு தரமும் பின்னோக்கி ஓட்டினார்கள். மூலைமுடுக்கெல்லாம் தேடினோம். அந்தக் குடியிருப்பை அதன்பிறகு படத்தில் காட்டவேயில்லை.

விடுதியில் இரவு உணவுக்கு மணி அடித்தது. அவள் தட்டை எடுக்கப் போனாள். அன்று நாங்களும் வாயில்வரை அவளோடு நடந்தோம்.