சார்ஜரைத் திருப்பிப் பாருங்க

உங்க லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. அவுட்புட்னு பொடி எழுத்துல வோல்ட்டும் ஆம்பியரும் போட்டிருக்கும். ரெண்டையும் பெருக்குங்க. படிப்புக்கு வாங்குற மெல்லிசான மாடல்னா பெரும்பாலும் 45 இல்ல 65 வாட். கேமிங் மாடல்னா 180, 230 வரைக்கும் போகும். கடையில நாம கேக்கறதெல்லாம் ரேம் எவ்வளவு, கீபோர்டுல லைட் எரியுமா, இவ்வளவுதான். ஆனா உள்ள போற கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் கடைசில சூடாத்தான் வெளிய வருது. அந்தச் சூட்டோட நாலு வருஷம் குடியிருக்கப் போறது நீங்க.

தங்கச்சிக்கு இந்த வருஷம் சிவில் கிடைச்சிருக்கு. கடையில ரெண்டு மாடல் பாத்தோம். ஒண்ணு 52 ஆயிரம், இன்னொண்ணு 88 ஆயிரம், கேமிங். "சீனியர் எல்லாரும் இதைத்தான் சொல்லுதாங்க அண்ணா"ன்னா. அப்பாவோ "நல்லதா பாத்து எடு மக்ளே, பைசா பாக்காண்டாம்"னுட்டார். அப்பாவுக்கு குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. மழை பெஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லேன்னா கூலி இல்ல. நம்ம மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் பெய்யும். 36 ஆயிரம் வித்தியாசம்னா எத்தனை நாள் வெட்டுன்னு நான் கணக்குப் போட்டேன், அவகிட்ட சொல்லல.

சொன்னது ஃபேனைப் பத்தித்தான். ஃபேன் ஏசி இல்ல. சிப்போட சூட்டை ஒரு செம்புக் குழாய் ஓரத்துக்குக் கொண்டுவரும். குழாய்க்குள்ள கொஞ்சூண்டு திரவம், சூடான முனையில ஆவியாகி, மறுமுனையில குளிர்ந்து திரும்பி வரும். அங்க இருக்கற மெல்லிய தகடுகளுக்கு நடுவுல ஃபேன் ரூம் காத்தை ஊதும். ரூம் 33 டிகிரின்னா அதுக்குக் கீழ எந்த ஃபேனாலயும் இறக்க முடியாது. பல இன்டெல் சிப்புக்கு எல்லை 100 டிகிரி. அதை நெருங்கினதும் சிப் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். ஹாஸ்டல் கட்டில்ல, மெத்தை மேல, அடிப்பக்கத் துவாரம் மூடிக் கிடந்தா 88 ஆயிரத்துக்கு வாங்கின வேகம் எங்க இருக்கும்?

ஆட்டோகேட் 2டி, ஸ்டாட் ப்ரோ எல்லாம் 15 வாட் 'யு' வகை சிப்லயே ஓடும், 16 ஜிபி ரேம் இருந்தா போதும். கனமான ரெண்டரிங்குக்கு காலேஜ் லேப் இருக்கு. பைத்தான், டீப் லேர்னிங்னு போறவங்களுக்கு கூகுள் கோலாப் இருக்கு. தினமும் ஆன்சிஸ்ல மல்லுக்கட்டுற மெக்கானிக்கல் மக்கா, உங்க கதை வேற. 45 வாட் 'எச்' வகை எடுங்க, மேசையும் ஒண்ணு வாங்குங்க.

எங்க வீட்டுக்கு வந்த முதல் லேப்டாப், 2011 செப்டம்பர் 15-ல தொடங்கின அரசுத் திட்டத்துல சித்தி மகனுக்குக் கிடைச்சது. கைமாறி எங்கிட்ட வந்தப்போ ஃபேன் ஓயாம இரைஞ்சுது. திறந்தா, தகடு வாயில தூசி கம்பளித் துண்டு மாதிரி அடைச்சிருக்கு. பெயின்ட் பிரஷால தட்டி, சிப்புக்கு மேல புதுசா தெர்மல் பேஸ்ட் தடவினேன். சத்தம் அடங்கிடுச்சு. கூலிங் பேட் வாங்குறதுக்கு முன்னால இதைச் செய்ங்க. பின்பக்கம் ரெண்டு பழைய ரெக்கார்ட் நோட்டு வெச்சுத் தூக்கினாலே பாதி வேலை முடியும்.

குளச்சல், முட்டம் பக்கத்து ஆளுங்களுக்கு மட்டும் கூடுதலா ஒண்ணு: ஃபேன் காத்தோட உப்பையும் சேத்துத்தான் உள்ள இழுக்கும். ஜன்னலோர மேசையைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க.