கையெழுத்துக்கு முன் நான் சொல்லாதது

நான் பொருளியலும் முகாமைத்துவமும் படித்தவன், அதுவும் மூன்று மொழிகளில். 2021இல் என் மாமா இத்தாலியின் பலேர்மோவில் வீட்டுக்கடன் எடுத்தபோது, மாறும் வட்டி என்பது எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

படித்தது போல்சானோவில். முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவின் கையிலிருந்து இத்தாலிக்குப் போன தென் திரோல் மாகாணத்தின் தலைநகர் அது. முசோலினி காலத்தில் அங்கே ஜெர்மன் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பிள்ளைகள் வீடுகளில் ஒளித்திருந்து எழுத்துப் படித்தார்கள். இன்று, 1972ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின்படி, அரச அலுவலகத்தில் ஜெர்மனில் கேட்டு ஜெர்மனிலேயே பதில் வாங்கலாம். அங்கே வேலைக்குச் சேருகிறவர் இரு மொழியும் தெரியும் என்று சான்று காட்ட வேண்டும். இலங்கையின் 1956 தனிச் சிங்களச் சட்டத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்த எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நான் படித்த, 1997இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் ஜெர்மனில் நடக்கும், அடுத்தது இத்தாலியனில், இன்னொன்று ஆங்கிலத்தில்.

அந்தப் படிப்பு எனக்குத் தந்த பெரிய திறமை ஐந்தொகை வாசிப்பதோ புள்ளிவிவரமோ அல்ல. குழு வேலையில் எங்களில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு மொழியில் நொண்டினோம். ஆப்பிள் தோட்டக்காரர் வீட்டுப் பையனுக்கு இத்தாலியன் தடுமாறும். தெற்கிலிருந்து வந்தவளுக்கு ஜெர்மன் வராது. அதனால் பாதியில் நிறுத்தி, “விளங்கிச்சா, நீ ஒருக்கா சொல்லு பாப்பம்” என்று கேட்பது யாருக்கும் வெட்கமாக இருக்கவில்லை. விளங்காதவரும் விளங்கவில்லை என்றே சொன்னார். பொருளியல் அங்கே எனக்கு ஆழமாக இறங்கியதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

பலேர்மோ வங்கியில் அந்தப் பழக்கத்தை நான் கைவிட்டேன். மாமா அங்கே பல வருடங்களாகச் சமையலறை வேலை செய்கிறவர். சந்தையில் பேசுமளவுக்கு இத்தாலியன் தெரியும். ஒப்பந்தம் வாசிக்கத் தெரியாது. இளம் வயதில் கொழும்பில், தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதியிருந்த தாளில் கையெழுத்து வைத்தவர். அதற்காகத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அலுவலர் வேகமாகப் பேசினார். நானும் அதே வேகத்தில் தமிழில் சொன்னேன். எல்லாம் பிழையில்லாமல்தான் சொன்னேன். நிலையான வட்டி கொஞ்சம் கூட, மாறும் வட்டி கொஞ்சம் குறைவு, அது யூரிபோரோடு ஏறி இறங்கும். மாமா தலையாட்டினார். யூரிபோர் என்றால் வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டி வீதம். அது என்னவென்று அவர் கேட்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அலுவலர் முன்னால் எங்களுக்கு விளங்கவில்லை என்று ஆகிவிடும். அந்த மேசையில் நான் மாமாவின் ஆளாக இருக்கவில்லை. நன்றாக இத்தாலியன் பேசும் பட்டதாரியாக இருந்தேன். “நீ படிச்சனி, சரியெண்டு நீ சொன்னாக் காணும்” என்றார். சரி என்றேன்.

ஒரு இலட்சம் யூரோவை 25 வருடத்தில் கட்டி முடிக்க, 1 வீத வட்டியில் மாதம் 377 யூரோ போதும். 5 வீதம் என்றால் 585. இந்தக் கணக்கைப் பரீட்சையில் போட்டவன் நான். மூன்று மாத யூரிபோர் 2015இலிருந்து பூச்சியத்துக்குக் கீழே கிடந்தது. அதற்குமேல் இறங்க அதிக இடமில்லை, ஏறத்தான் இடமுண்டு என்பதற்குப் பட்டமே தேவையில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி 2022 ஜூலையில் வட்டியைக் கூட்டத் தொடங்கியது. 2023 செப்டம்பரில், தொடர்ச்சியாகப் பத்தாவது தடவையாக உயர்த்தியபோது, வைப்பு வட்டி 4 வீதம்; யூரிபோரும் கூடவே ஏறியது.

இதைவிடப் பெரிய பிழை அதற்குப் பிறகு செய்தது. இத்தாலியில் 2007இலிருந்தே வீட்டுக்கடனைச் செலவில்லாமல் வேறு வங்கிக்கு மாற்ற வழி உண்டு. முதல் உயர்வு வந்ததுமே அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நாட்களைக் கடத்தினேன், அதற்குள் நிலையான வட்டியும் ஏறிவிட்டது. உக்ரெய்ன் சண்டையால்தான் எல்லாம் என்று மாமா சொன்னபோது ஓம் என்றேன். அது பாதி உண்மை என்பதால் சொல்ல இலகுவாக இருந்தது.

கடைசியில் மாமாவிடம் சொன்னேன். ஏலச்சீட்டை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன்: அவசரக்காரர் கூடினால் கழிவு கூடுகிறது, அந்த மாதக் கழிவை நாங்கள் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதுபோலத்தான் இதுவும். சீட்டுக் கட்டியே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவருக்கு அது உடனே பிடிபட்டது. கழிவை யார் தீர்மானிக்கிறார்கள், எத்தனை பேர் சேர்ந்து, இதற்கு மேல்வரம்பு இல்லையா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். மேல்வரம்பு வைத்த கடனும் உண்டு. அதைப் பற்றி அன்று வங்கியில் நான் கேட்கவேயில்லை. அதற்குள், 2024 ஜூனில், மத்திய வங்கி வட்டியைக் குறைக்கத் தொடங்கியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடனை இப்போதைக்கு அப்படியே விடுவது என்று அவரே முடிவெடுத்தார். என்னை ஏசவில்லை.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. கூடிய தவணையைக் கட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீடு துப்புரவாக்கப் போனவர் அவர்தான்.