எங்கெங்கே நிறுத்துவது

சிங்கப்பூரிலிருந்து காரிலேயே தாய்லாந்து போய்வருவது எங்கள் ஊரில் பெரிய சாகசமெல்லாம் இல்லை. பள்ளி விடுமுறை விட்டதும் பாதி ஊர் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்து நிற்கும். அந்த வரிசையைத் தாண்டி ஜோகூர் பாருவில் ஏறிவிட்டால் தாய்லாந்து எல்லை வரை ஒரே நெடுஞ்சாலை, 772 கிலோமீட்டர். 1994-ல் முழுதாகத் திறந்துவிட்டார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஹாட் யாய். கைப்பேசியில் கேட்டால் நீளமாக ஒரு நீலக்கோடு வருகிறது. அந்தக் கோட்டில் எங்கெங்கே நிறுத்துவது என்பதில்தான் கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து.

எப்போது போவது என்பதில் சண்டை வரவில்லை. ஆண்டு இறுதி விடுமுறைதான் நீளமானது, ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஹாட் யாய் பள்ளத்தில் கிடக்கும் ஊர். 2000, 2010, 2025 என்று பெரிய வெள்ளம் வந்ததெல்லாம் நவம்பரில்தான். கடைசி வெள்ளத்தில் மலேசியாக்காரர்கள் ஓட்டல் மாடிகளில் மாட்டிக்கொண்டதைச் செய்தியில் பார்த்திருந்தோம். என் கணவர் “ஜூன்” என்றதும் எல்லாரும் தலையாட்டிவிட்டோம்.

காகித வேலையிலும் விவாதத்துக்கு இடமில்லை. மூன்று அரசாங்கங்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கின்றன. சிங்கப்பூர் வண்டி நாட்டைவிட்டு வெளியேறும்போது பெட்ரோல் டாங்கி முக்காலாவது நிரம்பியிருக்க வேண்டும். அக்கரையில் பெட்ரோல் மலிவு என்பதால் காலி டாங்கியோடு போய் நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதைத் தடுக்க 1989-ல் அரை டாங்கி என்று ஆரம்பித்து, அது போதாமல் 1991-ல் முக்கால் ஆக்கினார்கள். அக்கரைக்காரர்களும் இளைத்தவர்களல்ல. மானிய விலை ரோன் 95 வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது, ரோன் 97 தான் போட்டுக்கொள்ள வேண்டும். வாகன நுழைவு அனுமதிக்குப் பதிந்து அதற்கான பட்டையை வண்டியில் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் 2025 ஜூலையிலிருந்து 300 ரிங்கிட் அபராதம். டோலுக்கு டச் அண்ட் கோ அட்டை. தாய்லாந்துக்கு ஆளுக்கொரு மின்னிலக்க வருகை அட்டை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கிற தளம் அரசாங்கத் தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். வண்டிக்குத் தாய்லாந்துக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும், எல்லைக்குச் சற்று முன்னால் சங்லுனில் கடை போட்டு விற்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாயிற்று.

ஆனால் இந்த உறைக்குள் அடங்காத ஒரு விஷயம்தான் பயணத்தின் உருவத்தையே தீர்மானிக்கிறது. புக்கிட் காயு ஹித்தாம் எல்லைவாசல் இரவு முழுக்கத் திறந்திருக்காது. இருட்டிய பிறகு, களைத்துப்போன ஓட்டுநரோடு, மூடப் போகிற வாசலை நோக்கி விரட்டுவது என்ன பயணம்? காலையில் நிதானமாகக் கடப்பதுதான் நல்லது. அதனால் புறப்படும் நேரத்தை வைத்துத் திட்டம் போடுவதில் அர்த்தமே இல்லை, எல்லையைக் கடக்கும் நேரத்தை வைத்துப் பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி பின்னால் ஓடுகிறது. போகும்போது அது கையில் கிடைத்த லாபம், திரும்பும்போது அதே ஒரு மணியைப் பிடுங்கிக்கொள்வார்கள். இப்படி எண்ணிக்கொண்டே வந்தால் முந்தின இரவு எல்லையிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்துக்குள் எங்காவது படுக்க வேண்டும். பினாங்கு, இல்லையென்றால் ஈப்போ. பினாங்குக்குப் பாலம் ஏறித் தீவுக்குள் போய் நெரிசலில் நிற்க வேண்டும் என்பதால் ஈப்போ என்று முடிவாயிற்று.

“ஈப்போன்னா, அப்படியே சுங்கை சிப்புட் போயிட்டுப் போலாம்ல?” என்றார் அத்தை. அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தபோது மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நாடாக இருந்தன. நாடு பிரிந்து, கடற்பாலத்தில் பாஸ்போர்ட் கேட்கத் தொடங்கியது 1967-ல். நெடுஞ்சாலையின் வெளிவழி எண்ணெல்லாம் அவருக்குத் தெரியாது. தோட்டத்தின் பெயரைச் சொல்வார், எந்தத் தோட்டத்துக்கு அடுத்து எது என்பார், ஆற்றுப்பாலத்தைச் சொல்வார். சிக்கல் என்னவென்றால், நெடுஞ்சாலை ஈப்போவைத் தாண்டியதும் மலைக்குள் மெனோரா சுரங்கப்பாதை வழியாகக் கோலகங்சாருக்குப் போய்விடுகிறது. சுங்கை சிப்புட்டைத் தொடுவதே இல்லை. அங்கே போக ஈப்போவில் இறங்கிப் பழைய ரோட்டில் சிம்மோர் வழியாகப் போய், கோலகங்சாரில் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். “டைம் கூட ஆகும்மா” என்றார் என் கணவர். “அங்க இப்ப என்ன இருக்கு?” என்றும் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம்.

என்ன இருக்கும்? செம்பனைதான் இருக்கும். லயம் இருக்காது, விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களம் இருக்காது. கோயில் மட்டும் இருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு அத்தை கரண்டிக் காம்பை எடுத்து மேசை விரிப்பில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும் கோடு. மரம் சீவும் உளி அந்தச் சரிவில்தான் போக வேண்டும். பழைய வெட்டுக்கு ஒட்டினாற்போல் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகிவிட்டால் மரம் காயப்படும், தண்டல் வந்து கத்துவார். இருட்டோடு சீவினால்தான் பால் ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். மறுநாள் கோட்டிலும் பால் பிடிக்கும் மங்கிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது ஒட்டுப்பால். அதை உரித்து எடுப்பதுதான் சிறுபிள்ளையில் அவர் வேலை. அவர் அம்மா மரம் மாறி மரம் போக, இவர் பின்னாலேயே வாளியோடு போவாராம். என் மகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அவளுக்கு ரப்பர் என்றால் பென்சில் டப்பாவுக்குள் இருப்பது.

பழைய ரோட்டில் போவது உறுதியான பிறகு நானும் ஒரு நிறுத்தம் சேர்த்தேன். கோலகங்சாரில் வேலி போட்டுக் காக்கும் ஒரு ரப்பர் மரம் இருக்கிறது. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்குப் போய், பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இருப்பிடத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் மிஞ்சியது என்று இந்த ஒற்றை மரத்தைக் காட்டுகிறார்கள். மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் வேலை பார்த்தவர். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லி. பார்க்கிற தோட்ட முதலாளியிடமெல்லாம் ரப்பர் நடு, ரப்பர் நடு என்று விதையை நீட்டி நச்சரித்ததால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பெயர். காப்பி விழுந்து, மோட்டார் காருக்கு டயர் தேவைப்பட்ட பிறகுதான் அவர் பேச்சு எடுபட்டது. ஆள் பிடிக்கக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். அத்தையின் தாத்தா அப்படி வந்தவர்தான்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லி முடித்ததும் அத்தை கேட்டார்: “ரப்பர் மரத்தையா நிறுத்திப் பாக்கணும்? பாத்தது பத்தாதா எனக்கு?” சற்றுப் பொறுத்து, “சரி, எப்படிச் சீவியிருக்கானுங்கன்னு பாப்போம்” என்றார்.

கடாரம் என் சொந்த ஆசை. கெடாவில் மெர்போக் பக்கம், சுங்கை பட்டாணியில் இறங்கிப் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் 1025-ல் கடற்படை அனுப்பிய இடம். மலையடிவாரத்தில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளம், அருகில் தொல்பொருள் காட்சியகம். 2013-ல் அங்கே ஒரு பழைய கோயில் அடித்தளத்தை வீடு கட்டுகிறவர்கள் இடித்துத் தள்ளினார்கள், அதனால் இருப்பதையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். என் கணவருடைய பட்டியலில் கடாரத்துக்கு எதிரே “நேரமிருந்தால்” என்று எழுதியிருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

சாப்பாடு பற்றிப் பெரிதாகத் திட்டமிட ஒன்றுமில்லை. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் நாசி லெமாக்கும் வெட்டிய பழமும் எப்போதும் உண்டு. எண்பது வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஓய்விடத்தைச் சுவையை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. கழிவறைக்குப் படி ஏற வேண்டுமா, வண்டியை எவ்வளவு பக்கத்தில் நிறுத்தலாம் என்றுதான் பார்க்க வேண்டும். ஆயர் குரோவில் சாலைக்கு மேலேயே பாலம்போல் கட்டிய உணவகம் மகளுக்குப் பிடிக்கும், அத்தையின் முட்டிக்குப் பிடிக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துவது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம், யாருக்கும் அவசரம் இல்லையென்றாலும்.

திரும்பும் வழிக்கு இன்னும் ஒன்றும் போடவில்லை. ஒரே மூச்சில் வந்துவிடலாம் என்பது கணவரின் கணக்கு. ஆனால் மலாக்காவில் அத்தையின் தங்கை இருக்கிறார், வாசலைத் தாண்டிப் போய்விட்டு உள்ளே வரவில்லை என்று தெரிந்தால் தீபாவளி வரை போனில் புகார் வரும். அங்கே போனால் சிரம்பானில் இருக்கும் தம்பி வீட்டுக்கும் போகாமல் தீராது. சிரம்பான் போய்விட்டுக் கிள்ளான் போகாமலிருக்க என்ன காரணம் சொல்வது என்று நானும் கணவரும் தனியாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.